கிளட்சில் வைத்த கால்

கிளட்ச் பெடலில் சும்மா காலை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மல்லூர் ரோட்டில் முப்பது வருடமாக ஜீப் ஷெட் வைத்திருக்கிறேன். என் தொண்டைத் தண்ணீரில் பாதி அவர்களைத் திட்டியே வற்றிப்போனது. அதில் முதல் ஆள், போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்த கருப்பண்ணன். "கால எடுங்க, பேரிங் போயிரும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். சிரிப்பார். கால் அங்கேயேதான் இருக்கும்.

அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அவருடைய பழைய ஜீப்பை அவர் மனைவி ராசாத்தியே ஓட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குள் நுழையும் முன்பே சத்தம் வந்துவிட்டது. விடாத கீச்சல்.

"இஞ்சின நிறுத்தாதீங்கம்மா. நியூட்ரல்லயே கிளட்ச லேசா மிதிங்க" என்றேன்.

மிதித்தார். கீச்சல் நின்றது. காலை எடுத்தார். மறுபடியும் கீச்சல்.

இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. பெடலை மிதித்தால் உள்ளே போய்க் கிளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. லேசாகக் கால் பட்டால் அழுத்தத்தில் அடங்கும், காலை எடுத்தால் கத்தும். உங்கள் வீட்டுக்காரர் செய்த வேலைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"கால் வெச்சா நிக்கறது தெரியுமுங்கண்ணா. ரயில்வே கேட்டுகிட்ட போனா, நான் கால் வெக்காமயே நின்னுபோகுது. அது ஏனுங்க?"

கருப்பண்ணன் அந்த கேட்டில்தான் மாரடைப்பில் போனார் என்று எனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று அன்றுதான் தெரிந்தது.

"கேட்டு சாத்தியிருந்துச்சுங்க. மொத கியர்லயே கிளட்ச மிதிச்சுட்டு நின்னாரு. நானும் பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருக்கறேன், பதிலே இல்ல. திரும்பிப் பார்த்தா உசுரு இல்லீங்க. ஆனா ரயில் போயி முடியற வரைக்கும் அந்தக் கால் பெடல உட்டு எடுபடல. எடுபட்டிருந்தா வண்டி கேட்ட இடிச்சுட்டு என்னோட சேர்ந்து தண்டவாளத்துல பாஞ்சிருக்கும்."

சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே மேலும் சொன்னார்.

"பெங்களூர்ல இருக்கற புள்ள ஷாலினி, கூட வந்துருன்னு ஒரே புடியா நிக்குது. ஊட்டுல நானொருத்திதான். போயிரலாமுங்க. ஆனா அவரு இன்னும் கால எடுக்காம உக்காந்திருந்தா, தனியா உட்டுட்டு எப்படிப் போறது? வண்டியா, அவரான்னு பார்த்து மட்டும் சொல்லுங்கண்ணா. நீங்க சொல்றதுதான்."

மறுநாள் மூன்று மணிக்கு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் மட்டும் ஜீப்பை எடுத்துப் போனேன். இருபுறமும் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு. வெயிலில் ஆளே இல்லை. கேட் சாத்தியிருந்தது. நியூட்ரலில் நிறுத்திவிட்டு இரண்டு காலையும் தரையில் வைத்தேன். கீச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது. கருப்பண்ணன் போடுகிற புகையிலை.

கீச்சல் நின்றது.

குனிந்து பார்த்தேன். என் கால்கள் தரையில் இருந்தன.

கிளட்ச் பெடல் ஓரங்குலம் கீழே இறங்கியிருந்தது.

ஸ்பிரிங் செத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை விட்டுப் பெடலை மேலே இழுத்தேன். கொஞ்சம் வந்தது. பிறகு, மேலே ஒரு கால் இருப்பதைப் போலவே, நிதானமாக என் கையைக் கீழே அழுத்தியது.

ரயில் போனது. கேட் திறந்தது. டொக்கென்று பெடல் மேலே வந்தது. கீச்சல் தொடங்கியது.

எப்படி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. இரண்டு நாளில் கியர்பாக்ஸை இறக்கிப் புது பேரிங் போட்டேன். புது ஸ்பிரிங், பெடலுக்குப் புது ரப்பர். கீச்சல் சுத்தமாக அடங்கியது. ராசாத்தி வந்து என் முகத்தையே பார்த்தார்.

"வண்டிதாங்கம்மா. ஸ்பிரிங் தளர்ந்து பெடல் தானா எறங்கியிருக்கு."

பொய்தான். என் மனைவி ரோசி போய்ச் சேர்ந்த பிறகு அஸ்தம்பட்டியில் என் வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து வருகிற அமைதி எனக்குத் தெரியும். அதில் இன்னொருத்தர் கிடந்து சாக வேண்டாம் என்று நினைத்தேன். இருக்கிறவர்களுக்குத்தானே துணை வேண்டும்.

"அப்ப அவரு இல்லீங்களா" என்றார். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிவிட்டு, ஜீப்பை என் ஷெட்டிலேயே விட்டுவிட்டு, அந்த வாரமே பெங்களூருக்குப் போய்விட்டார்.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை இஞ்சினை ஓடவிடுவேன். வண்டி ஷெட்டை விட்டு வெளியே போனதே இல்லை. நான்காவது மாதம், ஒரு மழைநாள் சாயங்காலம், வெளியில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன்.

கீச்சல்.

புது பேரிங். ஒரு கிலோமீட்டர் ஓடாத பேரிங். விடாமல் காலை வைத்து வருடக்கணக்கில் ஓட்டினால்தான் இப்படிக் கத்தும். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். புது ரப்பர் இடது ஓரத்தில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

டார்ச்சை அணைத்தேன். பயம் பாதி. ஒரு மனுஷனை இருட்டு ஷெட்டில் தன்னந்தனியாகப் போட்டுவைத்திருக்கிறேனே என்கிற குற்றவுணர்வு பாதி. இஞ்சின் ஓட ஓட ராசாத்திக்குப் போன் செய்தேன்.

"அம்மா, வின்சென்ட் பேசறேன். அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேங்கம்மா."

கேட்டில் நடந்ததையும் இப்போது கீச்சல் வந்ததையும் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"போன அவருகிட்ட வைங்க."

ஸ்பீக்கரைப் போட்டு டிரைவர் சீட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"ஏனுங்க... நானுங்க."

கீச்சல் நின்றது.

புகையிலை வாசனை மழையை மீறி வந்தது.

"ரயில் போயிருச்சுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல, பத்திரமா இருக்கறேன். இனி கால எடுங்க சாமி."

அவர் பெங்களூரிலும் நான் ஷெட்டிலுமாகக் காத்திருந்தோம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கீச்சல் வரவில்லை.

"எடுக்கலீங்களாண்ணா?"

"இல்லம்மா."

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேனுங்க" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

போன் அணைந்தது. சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினேன். டார்ச் வெளிச்சத்தில் பெடலைப் பார்த்தபடி, டொக்கென்ற அந்தச் சத்தத்துக்காக நின்றுகொண்டே இருந்தேன்.

பெடல் மேலே வரவில்லை.