கெல்டின் கை இறங்கும் வரை

முதலில் நின்றது பூனையின் குறட்டை.

பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்த க்வெண்டா குழாயை மூடினாள். ஹாலிஃபாக்ஸ் நகரின் பிற்பகல் மழை ஜன்னலில் வழிகிற சத்தம், அடுப்பில் ஆட்டுக்கறியோடு உருளைக்கிழங்கு வேகிற வாசனை, கூடத்து ஹீட்டர் முனகுவது எல்லாம் இருந்தன. அந்த ஹீட்டரடியில் நாள் முழுக்க ரம்பம் போல அறுக்கும் கிழட்டுக் குறட்டை மட்டும் இல்லை. போய்க் குனிந்தாள். பூனையின் கண் திறந்திருந்தது. உடம்பு சூடு. விரலுக்கடியில் இதயம் அடித்தது. விலா அசையவில்லை.

பழைய இசைத்தட்டுகளின் இரைச்சலைக் கணினியில் துடைத்தெடுப்பது அவள் பிழைப்பு. காலையில் முடித்தது சர் ஆம்ப்ரோஸ் கெல்ட் நடத்திய தாலாட்டு. மைக் வராத காலத்திலேயே முழு இசைக்குழுவையும் ஒரு தகரக் குழலுக்கு முன் நெருக்கி நிறுத்திப் பதிவு செய்த மனிதர். சற்று முன் அந்தத் துடைத்த பதிவையே கூடத்திலும், மாடியில் குழந்தை ஹெட்டியின் தொட்டிலருகிலும் ஒலிக்கவிட்டிருந்தாள். தூங்கட்டும் என்று.

போன் அடித்தது. இசைத்தட்டின் சொந்தக்காரர் சிரில்.

"என்னம்மா கண்ணு, நீ அனுப்புனதப் போட்டுக் கேட்டுக்கிட்டேதான் பேசுறேன். எம் பொண்டாட்டி கழுவுன தட்டு மாதிரி பளிச்சுனு இருக்கு. பொய் சொல்லக் கூடாது, அவ இவ்வளவு சுத்தமாக் கழுவ மாட்டா."

"சிரில், பூனைக்கு என்னமோ ஆயிடுச்சு. அப்புறம்..."

"ஒண்ணே ஒண்ணு. பாட்டு முடிஞ்சதும் ஒரு சட்டைக்கை உரசுற சத்தம் வருமே, அத வச்சிருக்கியா?"

"அதுவா? வெறும் இரைச்சல்தானே. நாங்க எல்லாருமே பாட்டோட வால வெட்டிடுவோம்."

"அட மக்கு! அது கெல்டு தூக்கிப் புடிச்ச கைய எறக்குற சத்தம். கடைசி சுரம் முடிஞ்சப்புறமும் மெழுகுத் தட்டுல ஊசி பதிஞ்சுக்கிட்டே இருக்கும், ஒருத்தனும் மூச்சு விடக் கூடாது. கை எறங்குனாதான் விடணும். எவனாவது விட்டான்னா தட்டத் தூக்கிக் கெடாசிட்டு, கோலால டக்டக்னு தட்டுவாரு. மறுபடி முதல்லேருந்து. மயங்கி விழுந்தவன் மேல ஏறி நின்னுகூட... இரு, முடியப் போகுது, கேளு."

போன் வழியே கடைசி வயலின் தேய்ந்து அடங்கியது.

"சிரில்?"

அவர் மூச்சு கேட்கவில்லை.

"சிரில், விளையாடாதீங்க!"

ஒன்றுமில்லை. பிறகு நாற்காலி சரிகிற சத்தம். கனமாக ஏதோ தரையில் விழுந்தது.

அவளால் மட்டும் மூச்சு விட முடிந்தது. இன்று காலை, வெட்டுவதற்கு முன், அந்த உரசல் வரை கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஹெட்டி.

மூல இசைத்தட்டு மேசைமேல் இருந்தது. சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி பக்கத்தில். இரண்டையும் வாரி அணைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். இடுப்பில் பெட்டி இடித்தது. நெஞ்சு எரிந்தது.

தொட்டிலில் ஹெட்டி விழித்திருந்தாள். உதடுகள் இறுக மூடி. கன்னத்தில் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை; அம்மாவின் தோளுக்குப் பின்னால், உயரத்தில் ஏதோ ஒன்றில் நிலைத்திருந்தன.

திரும்பிப் பார்க்கவில்லை க்வெண்டா. சாவியை முறுக்கினாள். ஊசியைத் தட்டின் கடைசிக் கோடுகளில் வைத்தாள். கரகரப்பு. வயலின் அடங்கியது.

அமைதி.

இப்போது வரும். துணி உரசும். கை இறங்கும். அதுவரை அவளும் மூச்சு விடக் கூடாது; பல்லைக் கடித்து, வாயைப் பொத்தி நின்றாள். படியேறிய நெஞ்சு உள்ளே முட்டியது. இன்னும் கொஞ்சம். காதுக்குப் பின்னால் துணி அசைகிற மாதிரி...

விரலிடுக்கில் மூச்சு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

துணி அசையவில்லை.

அவள் தலைக்கு மேல், கோல் இரண்டு முறை தட்டியது.

கடைசிக் கோட்டில் கிடந்த ஊசியிலிருந்து தாலாட்டு முதல் சுரத்தில் தொடங்கியது. நிதானமாக. அவசரமே இல்லாமல். ஹெட்டியின் நீலம் பாரித்த உதடுகள் மூடியே இருந்தன. அவள் கண்கள் மட்டும் மெல்ல, மெல்ல, இசைக்கு ஏற்ப இடமும் வலமும் அசைந்தன.