மூன்றாவது குரல்

ஆளில்லாத தறியில் மிதிகட்டை ஒரு தரம் கீழே போய் மேலே வந்தது.

புவனேஸ்வரி கண்ணாலேயே பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் புருஷன் உமாபதி கூடத்தில் கட்டையைச் சாய்த்திருந்த நேரம். தறி அறையைக் கூட்டலாம் என்று துடைப்பத்தோடு போனவள், 'டொக்' என்று சத்தம் கேட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொள்கிற, இடுப்பளவு ஆழமான குழி. உள்ளே கட்டை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் அதிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும்.

எலி என்று சொல்லிக்கொண்டாள். எலி ஏறினால் இறங்குகிற கட்டையா அது என்று மனசு குறுக்கே கேட்டது. சும்மா கிட என்று அதை அதட்டிவிட்டு, பாதி கூட்டியும் கூட்டாமலும் வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது உமாபதியிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

“எலி நெய்யக் கத்துக்கினா நல்லதுதானே? நான் ரெஸ்ட் எடுத்துக்குவேன்.” டம்ளரைக் கீழே வைத்தவர் கொஞ்சம் நிறுத்தி, “ஆனா ஒண்ணு, பயந்துக்காத. காலையிலேர்ந்து குழி ஜில்லுனு இருக்குது புவனா. சும்மா ஜில்லுப்பு இல்ல. யாரோ ஈரக்கையால பாதத்தத் தொட்டுத் தொட்டு எடுக்கற மாதிரி இருக்குது” என்றார்.

“ஐயோ, வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சுங்க இது!”

புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று டிவியில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் அதுவரை ஒரு இலைகூட அசையவில்லை. வாசல் வேப்பமரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தெருவில் நாய் ஒன்றையும் காணோம். பட்டின் பசை வாசனையும் சாக்கடை வாசனையும் எங்கேயும் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு, யாரோ சொல்லிவைத்த நேரம் வந்தாற்போல, எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டன.

உமாபதி வாசல் கதவைத் தாழிட்டு, உள்ளே குறுக்குக் கட்டையும் போட்டார்.

“யாரு தட்டினாலும் தொறக்காத. காத்து உள்ள பூந்துச்சுன்னா ஓடெல்லாத்தையும் தூக்கினு போயிடும்.”

“நீங்க வெளிய இருந்து தட்டினா?”

“நான் எதுக்கு வெளிய போறேன்? போனாலும் மூணு தரம் கூப்பிடுவேன். மனுஷன்தான்னு தெரிஞ்சிக்கோ.”

அந்தத் தெருவின் வழக்கம் அது. இருட்டிய பிறகு வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் உடனே வாய் திறக்கமாட்டார்கள். முதல் குரலுக்கும் பேசக்கூடாது, இரண்டாவது குரலுக்கும் பேசக்கூடாது. மூன்றாவது தரமும் கூப்பிட்டால்தான் மனுஷர்; இல்லாவிட்டால் இருட்டில் திரிகிற அது. அதுக்கு மூன்று தரம் கூப்பிட வராது. வீட்டுக்கு வீடு செல்போன் வந்தபிறகும் இது மட்டும் போகவில்லை. உமாபதி லேட்டாக வருகிற நாட்களில் வாசலில் நின்று, “புவனா, புவனா, புவனா, எண்ணிக்கினியா? தொறம்மா தாயே” என்று கிண்டல் செய்வார். அவளும் மூன்றும் முடிகிறவரை தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்து, சிரித்தபடி திறப்பாள்.

கரண்ட் போயிற்று. மழை ஓடுகளின் மேல் கல்லைக் கொட்டியது. தறி அறையின் மூலையில், பக்கத்துச் சந்துக்குத் திறக்கிற சின்னக் கதவுக்கு மேலே, ஓடு ஒன்று பெயர்ந்து, தண்ணீர் நூலாக இறங்குவது கேட்டது. உமாபதிக்குப் பொறுக்கவில்லை. தறியில் இருந்தது ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை, அரக்கு நிறம், முந்தானை மட்டும்தான் பாக்கி. தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்தால் அவ்வளவு நாள் உழைப்பும் போச்சு. அவள் செல்போனை டார்ச்சுக்காக வாங்கிக்கொண்டு தறி அறைக்குள் போனார்.

“சீக்கிரம் வாங்க,” என்றாள்.

“இதோ வந்துட்டேன்.”

அதுதான் அவள் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன கடைசி வார்த்தை. அவளுக்கு அது அப்போது தெரியாது.

காற்று இப்போது கத்தவில்லை. முனகியது. தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தது. எங்கேயோ தகர ஷீட் ஒன்று ரோட்டில் உரசிக்கொண்டே போனது. கோயில் மணி யாரும் அடிக்காமல் முன்னும் பின்னுமாக அடித்துக்கொண்டது. அப்புறம் தறி அறைப் பக்கம் ஒரு பெருமூச்சு. அவ்வளவு சாவகாசமாகத்தான் அந்த அறையின் மண்சுவர் இடிந்து உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே உத்திரமும் ஓடுகளும் மடமடவென்று சரிந்தன. கூடம் முழுக்கப் புழுதி.

“ஏங்க!”

இருட்டில் தடவிக்கொண்டே போனாள். தறி அறையின் நிலைவாசலை உத்திரம் குறுக்கே அடைத்திருந்தது. தள்ளினாள். முட்டினாள். அது மலை, அசைவேனா என்றது. கீழே, தரையை ஒட்டி மட்டும் ஒரு இடுக்கு. அதற்கு அந்தப் பக்கம்தான் தறிக்குழி. வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினாள். உடைந்த ஓடு. ஈர மண். அறுந்த பட்டு இழை, கொத்தாக. பிறகு வெறும் குழி.

பிறகு ஒரு கை.

அது அவள் கையைப் பற்றிக்கொண்டது.

“ஐயோ என் சாமி! உசுரோட இருக்கீங்களா? அடி பட்டுச்சா? பேசுங்க!”

பேச்சு வரவில்லை. வாயில் மண் அடைத்திருக்கும். நெஞ்சில் கட்டை விழுந்திருக்கும். அவளே ஒவ்வொன்றாகக் காரணம் கண்டுபிடித்தாள்.

“பேச முடியலன்னா கையை ஒரு தரம் அழுத்துங்க.”

அழுத்தியது.

உடைந்து போய் அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. எதிர்வீட்டுக் கலியனிடம் ஓடி ஆள் கூட்டி வரலாம் என்று கையை எடுக்கப் பார்த்தாள். அந்தக் கை விடவில்லை. பயந்திருக்கிறார், பாவம். சாகக் கிடக்கிற மனுஷனிடமிருந்து எப்படிக் கையைப் பிடுங்கிக்கொண்டு போவது? “போகலீங்க, இங்கியே இருக்கறேன். தைரியமா இருங்க,” என்றாள்.

வாசலில் ஏதோ விழுந்தது. தரை அதிர்ந்து அவள் கன்னத்தில் இடித்தது. வேப்பமரம். அத்தனை வருஷத்து மரம், போய்விட்டது. கதவு இருக்கிறதா, வீடு இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் இருந்தது. அதை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கை ஜில்லென்றிருந்தது. தண்ணீரில் கிடந்தால் அப்படித்தான் இருக்கும். உள்ளங்கை மெத்தென்றிருந்தது. தறியில் நாடா வீசி வீசி உமாபதியின் உள்ளங்கை காய்த்துப்போய், துணி அதில் மாட்டி இழை எடுக்கும். ஊறிப்போயிருக்கும், என்றாள் மனசுக்குள். அவருடைய கட்டைவிரல் நகம் சின்ன வயசிலேயே நசுங்கி இரண்டாகப் பிளந்தது. அதைத் தொட்டுப் பார்த்தால் தீர்ந்தது. தொடலாம் என்று விரலை நகர்த்தினாள். கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கிக்கொண்டது.

அவளும் அதற்குமேல் தேடவில்லை. தேடியிருக்கலாம். தேடப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

வாசல் கதவு. ஆனால் ஆள் தட்டுகிற உயரத்தில் இல்லை. அடியில். முழங்காலுக்கும் கீழே. தட்டலா, பிறாண்டலா?

“புவனா.”

உமாபதியின் குரல்.

உடம்பெல்லாம் முள்ளாகிப் போயிற்று. புருஷன் இங்கே, கைக்குள். வாசலில் புருஷன் குரல். குழிக்குள்ளிருந்த கை அவள் விரல்களை இறுக்கியது. போகாதே என்று இறுக்கியது.

“நான் போமாட்டேங்க. பயப்படாதீங்க,” என்று கிசுகிசுத்தாள்.

“புவ... னா.”

இரண்டாவது. முன்னதைவிடச் சன்னமாக, தரையோடு தரையாக. அவள் மூச்சை அடக்கினாள். எண்ணினாள். இன்னும் ஒன்று. மூன்றாவது வந்தால் மனுஷன். மூன்றாவது வந்தால் இந்தக் கையைப் பிய்த்துக்கொண்டாவது போய்த் திறந்துவிடுவேன். கூப்பிடு. கூப்பிடு பார்ப்போம்.

காற்று. மழை. கதவடியில் ஒரு பிறாண்டல்.

மூன்றாவது குரல் வரவில்லை.

“பாத்தீங்களா? வாசல்ல இருக்கறது மனுஷன் இல்ல,” என்று குழியைப் பார்த்துச் சொன்னாள். கை ஒரு தரம் அழுத்தியது. ஆமாம்.

எப்போது காற்று நின்றது என்று தெரியாது. நின்றபிறகு வந்த அமைதி காற்றைவிட மோசம். சொட்டுகிற சத்தம் மட்டும். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். விடிஞ்சிடும், ஆள் வந்துடுவாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கை அழுத்தியது. விட்டது. அழுத்தியது. ஒருமுறை அவள் எதுவும் கேட்காதபோதும் அழுத்தியது.

சாம்பல் வெளிச்சம் வந்தபோது தெருவில் ஆள் சத்தம், அரிவாள் சத்தம். கிளை வெட்டுகிறார்கள். பிறகு ஒரு பொம்பளை அலறல். எதிர்வீட்டு சத்யப்ரியா. அவள் எதற்கு அலற வேண்டும்?

கதவை உடைத்துக்கொண்டு சத்யப்ரியாவின் புருஷன் கலியன் உள்ளே வந்தான். கையில் கடப்பாரை.

“கலியா, வாப்பா! சீக்கிரம்! அண்ணன் குழிக்குள்ள மாட்டிக்கினு இருக்காரு. உசுரு இருக்குது. கையைப் புடிச்சிக்கினுதான் இருக்கறேன், ராவெல்லாம்!”

கலியன் நகரவில்லை. அவள் தோள் அந்த இடுக்குக்குள் மறைந்திருப்பதைப் பார்த்தான். வாசலைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

“அண்ணி...”

“கடப்பாரையப் போடுப்பா! இன்னா பாத்துக்கினு நிக்கற?”

“அண்ணி, அண்ணன் வாசல்ல இருக்காரு.” கடப்பாரையால் வாசலைக் காட்டினான். “மரத்துக்கடியில. வாசல்ல நின்ன வண்டி மேல இருந்த தார்ப்பாய் கையில இருக்குது. பாவு மேல போட எடுத்தாற, தறி ரூம் கதவால வெளிய போயி சந்து வழியா வந்திருப்பாரு போல. மரம் நெஞ்சு மேல... ஒரு கை கதவுல வெச்சமேனிக்கு. நகமெல்லாம் பேந்து போச்சு அண்ணி.”

அவள் தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பினாள்.

“வாய் தொறந்தமேனிக்கு இருக்குது,” என்றான் கலியன், அழுதுகொண்டே. “யாரையோ கூப்ட வந்து, அப்டியே...”

மூன்றாவது.

மூன்றாவதைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்திருக்கிறார். மூச்சு இல்லை. அவள் இங்கே படுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். பாவி. பாவி. எழுந்து போய் ஒரு தாழ்ப்பாளை நீக்கியிருந்தால்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. மெதுவாக. கையிலிருந்து மேலே ஏறி.

“அண்ணி,” கலியன் பின்னால் ஒரு அடி வைத்தான். “நீங்க யாரு கையைப் புடிச்சிக்கினு இருக்கீங்க?”

இழுத்தாள். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. மடங்கியிருந்த கட்டைவிரல் நிதானமாக நிமிர்ந்து, அவள் மணிக்கட்டின் மேல் படிந்தது. வழவழவென்று. நகமே இல்லை.

உள்ளே மிதிகட்டை 'டொக்' என்றது.

“புவனா.”

குழிக்குள்ளிருந்து. உமாபதியின் குரல். சிரிப்பு கலந்த, லேட்டாக வரும்போது வாசலில் கேட்கிற அதே குரல். கலியனின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது.

“புவனா.”

அவள் இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். இருந்தது ஒரு கைதான். அதுக்கு மூன்று தரம் கூப்பிட வராது. வராது. வராது.

“புவனா,” என்றது அது. மூன்றாவது தரம். “எண்ணிக்கினியா?”

கை, உள்ளே இழுக்கத் தொடங்கியது.