ஆணி தெரியும்வரை

டமார்!

சமையலறைப் பாத்திரங்கள் குலுங்கின. கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். படகைத் தாங்கியிருந்த கட்டைகளில் ஒன்று நடுவில் பிளந்து கிடந்தது. இந்த வாரத்தில் இது இரண்டாவது.

“சனியனே!” என்று படகைப் பார்த்துக் கத்தினான். அது பாட்டுக்குச் சாய்ந்து கிடந்தது.

கட்டை போனதற்காகக் கோபமில்லை. கணக்கு உதைத்தது. வாய்ச்சியால் கொத்திக் கொத்தி, படகின் அடிமரத்திலிருந்து மூட்டை மூட்டையாகச் சீவல் அள்ளிக் கொட்டியிருக்கிறான். அவ்வளவு மரம் போன பிறகு படகு இளைக்க வேண்டுமா, கனக்க வேண்டுமா?

பெரியப்பா போனபின் அவன் பங்குக்கு வந்தது இது ஒன்றுதான். ஒரே மரத்தில் குடைந்த பழைய படகு. வெளியெல்லாம் கருந்தார் பூச்சு. கார் ஷெட்டுக்குள் அடங்கவில்லை. இடைக்கதவைக் கழற்றிய பிறகு அதன் மூக்கு சமையலறைக்குள் வந்து நின்றது. “அடுப்புல என்ன வேகுதுன்னு மோந்து பாக்குது” என்று முதல் நாள் சிரித்த மனைவி, நாளாக ஆகச் சிரிப்பதை நிறுத்தினாள். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“அது போனா நான் வரேன். இதையும் பாதியில விட்டீங்கன்னா, அதோடயே குடித்தனம் நடத்துங்க.”

பாதி. அந்தச் சொல்தான் சுருக்கென்றது. பாதி வர்ணம் பூசிய கேட், பாதியில் நின்ற புத்தக அலமாரி. மச்சினர்கள் அவனுக்கு வைத்த பெயரே ‘பாதி அத்தான்’.

பழைய படகுகளைச் சேகரித்து ஓட்டும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் அம்மாள் வந்து பார்த்தார், படம் எடுத்தார், ஒரு சிறு சில்லையும் பையில் போட்டுக்கொண்டார். “இது என்ன வகைன்னு தெரியாம தொடாதீங்க சார். நானே ஃபோன் பண்றேன். மிதந்தா நாங்க எடுத்துக்கறோம்.”

குளத்தில் இறக்கிப் பார்த்தபோது படகு விளிம்புவரை அமுங்கியது. அடிமரம் அத்தனை தடிமன். ஃபோனோ வந்தபாடில்லை. கடைசியில் மரக்கடைக்காரர்தான் வழி சொன்னார்.

“ஒத்தை மரப் படகுல ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. வெளியிலேர்ந்து ரெண்டு விரல் ஆழத்துக்கு மர ஆணி அடிச்சு வெச்சிருப்பாங்க. உள்ள குடைஞ்சுகிட்டே வரணும். ஆணி முனை தெரிஞ்சா நிறுத்திடணும். அதைத் தாண்டினா ஓட்டைதான். உங்க படகை எவனோ பாதியிலயே விட்டுட்டுப் போயிருக்கான்.”

பாதியில்! வேறு யாரோ விட்டதுகூடத் தன் தலையில்தானா விடிய வேண்டும்? அன்றே வாய்ச்சியை எடுத்துவிட்டான்.

நேற்று ஆணி முனைகள் தெரிந்தன. வலப்பக்கம் வரிசையாக ஐந்து, இடப்பக்கம் ஐந்து. மங்கிய மஞ்சள் நிறத்தில், மாட்டுக்கொம்பு மாதிரி கெட்டியாக, ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாமல் நீட்டிக்கொண்டிருந்தன. தேய்ப்பு மிஷினை வைத்து மட்டமாக ராவினான். முடி தீய்ந்தது போல ஒரு நாற்றம் மூக்கிலேயே தங்கிவிட்டது. பழைய பிசினாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இன்று பார்த்தால் பத்தும் மறுபடி தலைதூக்கியிருந்தன.

“ஈரத்துல மரம் ஊதும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மழை வரப்போகும் மாலை. ஷெட்டுக்குள் புழுக்கம். கடப்பாரையால் நெம்பி, செங்கல் அடுக்கிப் படகை நிமிர்த்துவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. டார்ச்சோடு குனிந்து, ஆணிகளுக்கு நேர் கீழே தாரைச் சுரண்டினான். ஆணி வெளியிலிருந்து அடித்ததென்றால் அடித்த தடம் இருக்க வேண்டுமே? வழவழவென்று முழு மரம். ஒரு பொத்தல்கூட இல்லை.

“எந்த மடையன் அடிச்சான் இதை?”

எரிச்சலோடு படகுக்குள் ஏறி உட்கார்ந்து மிஷினை ஓட்டினான். வெள்ளை வெள்ளையாகப் பொடி பறந்தது. மரத்தூள் அப்படி இருக்காது. அந்த நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாடையும் எழுந்தது; நெடுநாள் மூடிய வாயை யாரோ முகத்துக்கு நேரே திறந்தது போல. கடைசி முனையை ராவும்போது படகு முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. செங்கல் இளகுகிறது என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க முடிந்தது.

ஃபோன் அடித்தது. மனைவி.

“முடிஞ்சுதா?”

“இதோ, இன்னிக்கே முடிஞ்சிடும்.”

“ஒண்ணும் கேக்கலைங்க. மொதல்ல அந்த மிஷினை நிறுத்திட்டுப் பேசுங்க.”

“நிறுத்திட்டுத்தானே பேசறேன்!”

“பொய் வேறயா?” படக்கென்று வைத்துவிட்டாள்.

அவன் மிஷினைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. ஆனால் அந்த உறுமல் நிற்கவில்லை. தாழ்ந்த, சீரான உறுமல். காதில் அல்ல, தொடைக்கு அடியில் கேட்டது.

இறங்கிவிடலாம். ஒரு கால் வெளியே போட்டால் போதும். ஆனால் அந்தக் கடைசி முனை மட்டும் இன்னும் மட்டமாகவில்லை. அதை விட்டால் பாதி. அரத்தை எடுத்தான்.

மீண்டும் ஃபோன். சங்கத்து அம்மாள். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தான்.

“சார், கிடைச்சிடுச்சு! உங்க படகு என்ன வகைன்னு கண்டுபிடிச்சாச்சு. மிதக்காட்டியும் பரவாயில்ல, நாளைக்குக் காலையிலயே லாரி அனுப்பறேன்.”

நாளை! நாளை மாலை குழந்தை இந்த வீட்டில் ஓடும்.

“அடிமரத்தைக் குடையாம அப்படியே விட்டிருக்காங்க பாருங்க, அதுதான் சார் இதோட அடையாளம்.”

கெடுத்தாயிற்றா? முழுசாகச் செய்த ஒரே வேலையையும் கெடுத்தாயிற்றா?

“மேடம்… கொஞ்சம் குடைஞ்சுட்டேன். பயப்படாதீங்க. அளவாத்தான். மர ஆணி முனை தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். அஞ்சஞ்சா ரெண்டு வரிசை, பத்தையும் மட்டமா ராவியாச்சு.”



உறுமல் நின்றது.

எழுந்திருக்க இடது கையை அடிமரத்தில் ஊன்றினான். மரம் வெதுவெதுவென்றிருந்தது. மெத்தென்று கொடுத்தது.

ஒரு முனை அசைந்தது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

இடப்பக்கத்து ஐந்தும் மெல்ல உயர்ந்தன. கணுக்கணுவாக. மடங்கின. அவன் மணிக்கட்டைச் சுற்றி, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகப் படிந்தன.

“மர ஆணியா?” என்றது ஃபோன். “இந்த வகைப் படகுக்கு மர ஆணி அடிக்கவே மாட்டாங்களே, சார்!”