மூன்றாவது தடவை கூப்பிடும்வரை

ஆறு கணினிகளுக்கு ஏழு பதில் வந்தது.

செரினா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். திரையில் ஆறு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஏழு வரி. முதல் ஆறுக்கும் பெயர் இருந்தது. ஏழாவதற்குப் பெயருக்கான இடம் காலியாகக் கிடந்தது. அதன் எதிரே மட்டும் பச்சை எழுத்தில் 'இருக்கேன்' என்று மின்னிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க, யாரு நீங்க?" என்றாள் திரையைப் பார்த்து. இந்த ஒரு வருஷமாகத் தனியாகப் பேசுவது அவளுக்குப் பழகிவிட்டது. பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூமாலைக் கடைக்கு மேலே இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டிய மழையில் ஜன்னல் பலகைகள் ஊறி வீங்கி நின்றன. கீழிருந்து மல்லிகையும் ஊதுபத்தியும் ஈரச் சாக்கடையும் கலந்த வாசனை மரப்படி வழியாக ஏறி வந்தது. லீவு நாளுக்குக் கூடும் ஊழியர்களின் ஆயிரம் பேச்சுகள் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக் கூரைகளுக்கு அடியில் ஒதுங்கி ஒரே இரைச்சலாகக் கேட்டன. ஊரே கீழே இருந்தது. மேலே அவள் ஒருத்தி. தோ பாயோவில் இருக்கும் வீட்டில் கணவன் ஆம்ப்ரோஸின் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு ஞாயிறைக் கழிக்க அவளால் முடியாது. அதனால்தான் லீவு நாளிலும் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

கல்யாணமான புதிதில் அவளும் ஆம்ப்ரோஸும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதியதுதான் 'எறும்பு' என்ற மென்பொருள். ஒரு கணினியால் சுமக்க முடியாத பெரிய கணக்கைப் பொடிப்பொடியாக உடைத்துப் பல கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். தலைமைக் கணினி சில நொடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு எறும்பையும், அதாவது பங்கு வாங்கிய ஒவ்வொரு கணினியையும், 'இருக்கியா?' என்று கேட்கும். அது 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தையும் ஆம்ப்ரோஸின் குறும்பு. நார்வேயில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அர்த்தம் தெரியாமல் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார் என்று நினைத்து நினைத்துச் சிரிப்பான்.

இன்னொரு குறும்பும் செய்து வைத்திருந்தான். புதிதாக ஓர் எறும்பு உள்ளே வர வேண்டுமானால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் இரண்டு தடவைக்குத் தலைமைக் கணினி வாயே திறக்காது. அது அவன் அம்மா பிரிஜட் சொல்லிக் கொடுத்தது. செம்பவாங் கப்பல்தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். தினம் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்ப்பவர்தான், ஆனாலும் விளக்கு வைத்த பிறகு வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல விடமாட்டார். உதட்டில் விரலை வைத்துக்கொள்வார். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கதவு திறக்கும்.

"ஏன் மாமி?" என்று செரினா ஒருநாள் கேட்டாள்.

"மூணாவது தடவை கூப்பிட அதுங்களுக்கு மூச்சு கிடையாதும்மா," என்றார் அவர், கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

அந்த விதியால் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. நடுக்கடல் படகிலிருந்தும் மலை உச்சியிலிருந்தும் இணைபவர்களுக்கு லைன் ஒரு தடவை கூப்பிடத்தான் தாங்கும், அதற்குள் அறுந்துவிடும். பாவம், அவர்களால் உள்ளே வரவே முடியவில்லை. போன வாரம் செரினா அந்த விதியை எடுத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை கூப்பிட்டாலும் கதவு திறக்கும். தொடர்பு அறுந்து போனால்கூடப் பெயரை அழிக்காமல் 'காத்திருக்கிறது' என்று போட்டு இடத்தை அப்படியே வைத்திருக்கும். எல்லோரும் பாராட்டினார்கள்.

புகாருக்காக மட்டும் அவள் அதை எடுக்கவில்லை. போன வருஷம் ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆம்ப்ரோஸ், அவளுக்குத்தான் போன் செய்தான். மீட்டிங்கில் இருந்தவள், அவசரமென்றால் மறுபடி கூப்பிடுவான் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் ஒரு தடவைதான் கூப்பிட்டான். அதற்குமேல் அவனுக்கு முடியவில்லை. அந்த விதியை அழித்த அன்று அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

ஏழாவது வரி மின்னிக்கொண்டே இருந்தது. வெங்கடேஷைப் போனில் கூப்பிட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பையன், செம்பவாங்கில் வீடு.

"அக்கா, இன்னிக்கு சண்டே லா. இன்னும் ஆபீஸ்லயா இருக்கீங்க?"

"டெஸ்ட்ல ஏழு காட்டுது வெங்கட். இங்க ஆறு லேப்டாப்தானே இருக்கு?"

"எவன் போனாச்சும் நம்ம வைஃபைல ஏறியிருக்கும். கேபிள எல்லாம் புடுங்கிப் பாருங்க. லைன்லயே இருங்க, நானும் சாப்ட்டுக்கிட்டே லாக் பாக்கறேன். கவி உள்ள பாப்பாவக் குளிப்பாட்டிட்டு இருக்கா."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். தட்டில் கரண்டி உரசும் சத்தம், டிவிச் சிரிப்பு, உள்ளே எங்கோ தண்ணீர் விழும் சத்தம், ஒரு குழந்தையின் கூச்சல். அந்த வீட்டுச் சத்தம் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அலமாரியில் அடுக்கியிருந்த லேப்டாப்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒவ்வொரு விசிறியும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. திரையில் ஆறு வரிகளும் மஞ்சளாகி 'காத்திருக்கிறது' என்றன. பிறகு அவள் கேபிளைப் பிடுங்கினாள். ரூட்டரின் பிளக்கையும் பிடுங்கினாள். அதன் சின்ன விளக்குகள் அணைந்தன. இப்போது அவள் கணினிக்கு உலகத்தோடு ஒரு தொடர்பும் இல்லை.

ஏழாவது வரி பச்சையாகவே இருந்தது.

"வெங்கட், எல்லாத்தையும் புடுங்கிட்டேன். அது இன்னும் இருக்கு."

"ஸ்கிரீன் ஹேங் ஆயிருக்கும்க்கா. ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க. மழையில நனையாதீங்க."

ஹேங் ஆகியிருந்தால் நல்லது. ஆனால் 'இருக்கேன்' என்பது அழிந்து, அதே இடத்தில் எழுத்து ஒவ்வொன்றாக வேறு வார்த்தை வந்தது.

'இருக்கியா?'

கேட்பது தலைமைக் கணினியின் வேலை. எறும்பு பதில்தான் சொல்லும். கேட்க அதற்குத் தெரியாது. அப்படி ஒரு வரி அவளும் எழுதவில்லை, ஆம்ப்ரோஸும் எழுதவில்லை.

'இருக்கியா?'

மாதாவே.

அணைக்கும் பொத்தானை நோக்கிக் கை போனது. அப்போதுதான் மழை நின்றிருப்பதைக் கவனித்தாள். மழை மட்டுமல்ல, கீழே தெருவிலிருந்து வந்த இரைச்சலும் இல்லை. இத்தனை ஜனம் எப்படி ஒரே நேரத்தில் வாயை மூடும்? மல்லிகை வாசனையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, கதவிடுக்கு வழியாக மெல்ல, மிக மெல்ல, கோடாலித் தைலத்தின் வாசனை உள்ளே வந்தது.

ஆம்ப்ரோஸ் தினமும் நெற்றியில் தடவிக்கொள்வான்.

கதவுக்கு வெளியே மரப்படி ஒன்று முனகியது. இன்னொன்று. பிறகு எதுவும் இல்லை.

"செரினா."

அவன் குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அதே குரல். களைத்துப் போயிருந்தது. ரயில் மேடையிலிருந்து இத்தனை நாளும் நடந்தே வந்தவனைப் போல.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும். கூப்பிட்டால் கதவைத் திறக்கலாம், காலில் விழுந்து அழலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

காத்திருந்தாள்.

இரண்டாவது தடவை வரவில்லை.

போனில் டிவி சிரித்தது. கதவுக்கு அப்பால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. தைல வாசனை மங்க ஆரம்பித்தது. போகிறான். மறுபடியும் போகிறான். ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, அவள் எடுக்கவில்லை என்று, மறுபடியும்.

அவள் தாங்கவில்லை. யார்தான் தாங்குவார்கள்?

"இருக்கேன்," என்றாள். "இருக்கேன் ஆம்ப்ரோஸ். போகாதே."

வார்த்தை வாயை விட்டுப் போனது. அதோடு வேறு ஏதோ ஒன்றும் போனது. தொண்டையிலிருந்து ஒரு நூலை யாரோ நிதானமாக உருவி எடுத்ததுபோல இருந்தது. வலி இல்லை. தைல வாசனை பட்டென்று நின்றது.

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"இருக்கேன்," என்றது குரல். செரினாவின் குரல். "இருக்கேன் ஆம்ப்ரோஸ். போகாதே." சொல்லிப் பழகுவதுபோல, ஏற்ற இறக்கம் சரியாக வரும்வரை, அது திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. பிறகு மரப்படிகள் முனகின. கீழே இறங்கிப் போய்விட்டது.

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை.

திரையில் ஏழாவது வரிக்குப் பெயர் வந்திருந்தது. செரினா.

'இருக்கியா?' என்று கேட்டது. அவள் தாடை தானாகத் திறந்தது. அவள் திறக்கவில்லை. உதடு அசைந்தது. அவள் அசைக்கவில்லை. பெயருக்கு எதிரே பச்சையாக விழுந்தது: 'இருக்கேன்'.

கீழே தெரு மறுபடி இரைந்தது. அவள் பெயருக்கு அடியில் எட்டாவதாக ஒரு வரி திறந்தது. காலியாக.

போனில், தூரத்தில், இரும்புக் கிரில் கதவை யாரோ தட்டும் சத்தம்.

"வெங்கட், இருக்கியா?"

இனிமையான குரல். களைப்பே இல்லை. அவளுடைய குரல்தான், செம்பவாங்கில், அவன் வாசலில்.

கரண்டி தட்டில் விழுந்தது. "அக்கா?" வெங்கடேஷ் சிரித்தான். "என்னக்கா இது, இப்பத்தானே போன்ல பேசிட்டு இருந்தீங்க?"

செரினா போனை எடுத்து மேஜையில் அடித்தாள். மறுபடி அடித்தாள். வாயை அகலத் திறந்தாள். பதில் சொல்லாதே. வெங்கட், சொல்லாதே. இன்னொரு தடவை கூப்பிடச் சொல். கூப்பிடச் சொல்லு! மூச்சு மட்டும் வந்தது. சூடான, வெறும் மூச்சு.

"கரகரன்னு கேக்குதேக்கா, லைன கட் பண்ணுங்க. இருக்கேன் இருக்கேன், இதோ வர்றேன்."

நாற்காலி நகர்ந்தது. சாவி திரும்பியது. கிரில் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

டிவி சிரித்தது.

எட்டாவது வரியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தாடை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து யாரும் உள்ளே நடந்து வரும் சத்தம் இல்லை. ஆனாலும் போனில், கூடத்தின் நடுவிலிருந்து, வெங்கடேஷின் குரல் பிரியமாக ஒரு தடவை கூப்பிட்டது.

"கவி."

உள்ளே குளியலறையில் தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள்.