கழற்றிய பிறகும் கேட்ட மூச்சு

றுமானா காதுக்குப் பின்னால் இருந்த கருவியின் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் குறைத்தாள். விசிறியின் இரைச்சல் தணிந்தது. பட்டப்பகலில் தென்னோலைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த கச்சான் காற்று தணிந்தது, அதற்கப்பால் மாம்புரிக் கடலும் தணிந்தது. ஒன்று மட்டும் தணியவில்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

ஒன்பது வருடத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயிருந்தன. போன மாதம்தான் கொழும்பில் ஒப்பரேஷன் செய்து உட்காதில் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். கருவியைப் பொருத்திய அன்று, ஆஸ்பத்திரியில் ஷம்லா என்ற பெண் அவசரப்படாமல் விளங்கப்படுத்தியிருந்தாள்.

"வெளியில ஒட்டுற இந்தக் கருவிதான் சத்தத்தக் கரண்டா மாத்தி உள்ளுக்கு அனுப்புது, ராத்தா. காது நரம்பு எவ்வளவு கூடத் துடிக்குதோ, அவ்வளவு பெரிய சத்தமா உங்களுக்குக் கேக்கும். இதக் கழட்டினா நரம்பு சும்மா கிடக்கும். ஒண்டும் கேக்காது."

றுமானா கருவியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். விசிறி ஓசையில்லாமல் சுழன்றது. சன்னலுக்கு வெளியே ஓலைகள் ஊமையாய் ஆடின. மூச்சு மட்டும் நின்றபாடில்லை. ஈரமான, நீளமான மூச்சு. உள்ளே போகும்போது எங்கோ சளி கிழிவது போல ஒரு கரகரப்பு.

குசினிக்குப் போய் அடுப்படியில் நின்றாள். அதே அளவு. குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். அதே அளவு. தூரம் என்பதே அதற்கு இல்லை. தன் மூச்சாக இருக்குமோ என்று வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். நெஞ்சு வலிக்கும்வரை பொத்தினாள்.

அது நிதானமாக மூச்சு விட்டது.

பிறகு பெரிதாகத் தொடங்கியது. கிட்ட வரவில்லை, பெரிதானது. செத்துக் கிடந்த நரம்பின் நார்களை யாரோ ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புவது போல.

வாசலுக்கு ஓடினாள். கதவு அசையவில்லை. கணவர் நளீர் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போகையில் வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தார். காது கேளாதவள் தனியாக இருக்கிறாளே, எவனாவது உள்ளே வந்தாலும் தெரியாதே என்ற பயத்தில் அவர் பழகிக்கொண்ட பழக்கம் அது. சன்னல்களிலெல்லாம் கம்பி. கத்தினாள். தொண்டை அதிர்ந்தது, தன் குரல் தனக்குக் கேட்கவில்லை. மூச்சுதான் கேட்டது.

கட்டிலில் கிடந்த கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டிலிருந்த நளீரின் தங்கச்சிக்குப் போன் எடுத்தாள்.

"மபாஸா, கெதியா வாங்க. உங்கட நானாவையும் கூட்டிட்டு வாங்க."

"என்ன மதினி, நானா இன்னும் பள்ளியால வரல்லியா?"

"இல்ல. நான் தனிய இரிக்கன்."

மபாஸாவின் குரல் தாழ்ந்தது.

"அப்ப உங்களுக்குப் பக்கத்துல மூச்சு விடுறது ஆரு?"

போன் கைநழுவி விழுந்தது. கருவியைப் பிய்த்து எறிந்துவிட்டு வாசல் கதவுக்கே ஓடினாள். கதவில் முதுகை ஒட்டி நிற்கத் துணியவில்லை. கதவைப் பார்த்தபடி, நெற்றியைப் பலகையில் அழுத்தி நின்றாள். மூச்சு மண்டையை நிறைத்தது. பல் கூசியது. கண் துடித்தது. கலிமாவைச் சொன்னாள். பாதியில் சொற்கள் தொலைந்தன.

திரும்பக் கூடாது.

திரும்பக் கூடாது.

பலகை அதிர்ந்தது. பூட்டைத் திறக்கிறார்கள். அவள் ஓரடி பின்வாங்க, கதவு திறந்தது. வெயில் கண்ணில் அடித்தது. தொப்பியோடு நளீர். பின்னால் மபாஸா, வாயைப் பொத்தியபடி.

றுமானா கையை நீட்டினாள்.

நளீர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் அவள் தோளுக்கு மேலே போயின. இன்னும் மேலே. மெல்ல, மெல்ல, கூரை முகடுவரை ஏறின.

பிறகு அவர், அவள் முகத்தைப் பார்க்காமலே, கதவை இழுத்துச் சாத்தினார்.