நகராத பொட்டு

மூன்று ராத்திரியாகச் சுரண்டி எடுத்த பொட்டு, நாலாவது ராத்திரி எடுத்த புது நெகட்டிவிலும் அதே இடத்தில், கடுகிலிருந்து மிளகாக வளர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஸ்டூடியோவில் நெகட்டிவைச் சுரண்டி முகம் திருத்தும் கல்யாணசுந்தரியின் பிளேடுக்கு எந்தப் புள்ளியும் தப்பியதில்லை. பரு, தேமல், அம்மைத் தழும்பு எல்லாம் போயே போய்விடும். அவள் புண்ணியத்தில் தென்காசி தாலுகாவில் அழகில்லாத மணப்பெண்ணே கிடையாது. போட்டோவை நம்பி வந்த மாப்பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் மணமேடையிலேயே மயங்கியதாகக் கேள்வி. அந்தக் கைப்பழக்கம் வானத்தையும் விடவில்லை.

அவள் புருஷன் பால்வண்ணநாதன் ஸ்டூடியோ மாடியில் கேமராவைக் குற்றாலத்து மலைப் பக்கம் திருப்பி, ஒரு மணி நேரம் திறந்து வைப்பார். பூமி சுற்றுவதால் நட்சத்திரமெல்லாம் ஒரே போக்கில் கோடாக விழும். குறுக்கே கோடு விழுந்தால் விண்கல். அது மோதுமா என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட, படம் தபாலில் போகும்.

இது கோடே போடவில்லை. வானமே திரும்புகையில் திரும்பாமல், நேரே ஊரைப் பார்த்து வருவதுபோல் பெருத்துக்கொண்டே நிற்கிறது. தூசி என்றல்லவா நினைத்தாள்!

படம் கழுவும் ஹைப்போ மருந்து வாடைக்கு நடுவே, குழாய்ச் சொட்டும் ஜன்னலில் விசிலடித்த மலைக்காற்றும் ஒவ்வொன்றாக அடங்கின.

"என்னங்க... இது தூசி இல்ல. நாந்தான் மூணு நாளும் சுரண்டிட்டேன்."

லென்ஸில் பார்த்தவர் முகம் வெளுத்தது. "அடிப்பாவி! வானம் சுத்தம்னு மூணு படம் அனுப்பிட்டேனேட்டி!"

"வடகரைக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருவமா?"

"அங்கன மட்டும் வேற வானமா இருக்கு? விடிஞ்சதும் தந்தி குடுப்போம். இப்ப இன்னொரு படம் எடுக்கேன். இரும்பா, மண்ணா, என்ன கல்லுன்னு தெரிஞ்சாத்தான தள்ளவோ ஒடைக்கவோ முடியும்?"

மாடியேறிவிட்டார்.

தனியாக அதையே பார்த்தாள். ஆத்திரம் வந்தது. சுரண்டினாள்.

மேலே இருமல். "ஏட்டி! வானத்துலேருந்து தூளு கொட்டுது. சாம்பல் மாதிரி. சுடுது!"

கை நின்றது. மெல்ல இன்னொரு கீறல்.

மறுபடி இருமல்.

"அப்படியா சேதி?" பல்லைக் கடித்தாள். "கீழ வாங்க!" என்று கத்தினாள். பிறகு குனிந்து, பொட்டிடம்: "எங்க ஊரு மேலயா நிக்கே? வாலே, பாத்துருவோம்."

கீறினாள். கீறினாள்.

பிளேடுக்கு அடியில் பொட்டு நகர்ந்தது.

மெதுவாக. படத்தின் மலைமுகட்டைத் தாண்டி. நெகட்டிவின் விளிம்பைத் தாண்டி.

அவள் கட்டைவிரல் நகத்தில் ஏறியது.

பிளேடைத் தன் நகத்தின் மேலேயே திருப்பினாள்.