எட்டு ஐந்துக்கு வந்த அழைப்பு

ஞாயிறு காலை 10.20.

அவசர சிகிச்சைப் பிரிவின் ஏழாம் கட்டிலில், ஓய்வுபெற்ற சர்வேயரின் மூச்சு நின்றது. வயது எழுபத்தெட்டு. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் ஒரே மகன். வயதான உடம்பு, போய்விட்டது என்று எல்லோரும் கையை விரித்திருப்பார்கள். பணியில் இருந்த புது டாக்டர் மட்டும் வந்தவுடனே ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். முடிவு 11.05க்கு வந்தது. தூக்க மாத்திரை, அளவுக்கு மீறி.

11.30. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கேட்டதையே கேட்டு உயிரை வாங்குவதால், முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ‘குடைச்சல்’.

மகன் படபடத்தான். “அந்த வீட்டு நர்ஸைப் பிடிங்க மேடம்! ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு. சனிக்கிழமையே மாத்திரை டப்பாவை நிரப்பி வச்சுட்டுப் போவா. மாத்திப் போட்டுட்டா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எட்டு அஞ்சுக்கு அம்மா போன். அப்பா மயங்கி விழுந்துட்டார்னு அழுதாங்க. ஒரு மணி நேரத்துல ஓடி வந்தேன்.”

“அதுக்கு முன்னாடி பேசினீங்களா?”

“ஏழரைக்கு. இன்னிக்கு வர்றதா இருந்தேன், வேலை வந்துடுச்சு, முடியாதுன்னு சொன்னேன்.”

11.50. வரவழைக்கப்பட்ட வீட்டு நர்ஸ் வந்து நின்றார். வேலை போகும், அதற்குமேல் சிறையும் வரும் என்ற பயம்.

“சத்தியமா நான் சரியாத்தான் வச்சேன். தூக்க மாத்திரை ராத்திரி ஒண்ணுதான். போன வாரம் ஐயாவுக்குத் தூக்கமே வரலைன்னு டாக்டர் ரெட்டிப்பு வீரியத்துல எழுதினார். மாத்திரை பார்க்க அதே நிறம், அதே சைஸ்.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“இல்லைங்க. ஞாயித்துக்கிழமையும் ராத்திரிக்குள்ள வந்துடுவேன், குடுக்கிறது நான்தானேன்னு விட்டுட்டேன்.”

12.10. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் பழைய பதிவேட்டைப் புரட்டினார். மூன்று மாதத்தில் பெரியவர் நாலு முறை வந்திருக்கிறார். நாலும் ஞாயிறு. நாலு முறையும் மயக்கம், சாயங்காலம் தெளிவு. காரணம் என்ற கட்டத்தில் நாலு முறையும் ‘முதுமை’. அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வயதுக்காரன் நாலு முறை மயங்கி வந்தால் இப்படி எழுதுவார்களா?

12.25. ஆம்புலன்ஸ் டிரைவர்.

“வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனே?”

“எட்டு இருபது, மேடம். பெரியவர் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு வாசல்ல நின்னார். அவரே நடந்து வந்து வண்டியில ஏறினார்.”

“விழுந்து எழுந்த மாதிரியா?”

“நானும் கேட்டேனே! ‘நான் எங்கய்யா விழுந்தேன்’னு சிரிச்சார். பாதி வழியிலதான் கண்ணு சொருகிச்சு.”

12.40. டாக்டரின் அறை. மகன், தாய், வீட்டு நர்ஸ்.

“நர்ஸம்மா, நீ வீட்டுக்குப் போ,” என்றார் இன்ஸ்பெக்டர். “உன் மேல தப்பில்லை.”

“அப்ப யாரு?” மகன் எகிறினான்.

“எட்டு அஞ்சுக்கு மயங்கி விழுந்தவர் எட்டு இருபதுக்கு வாசல்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். விழவே இல்லைங்கிறார். அப்போ, அவர் மயங்கப்போறது முன்கூட்டியே தெரிஞ்ச ஒருத்தர் உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்க.” தாய் பக்கம் திரும்பினார். “எத்தனை குடுத்தீங்கம்மா?”

“எப்பவும் போல அட்டையிலேர்ந்து மூணு,” என்றார் அந்த அம்மாள். குரலில் ஒளிவுமறைவே இல்லை.

“வீரியம் மாறினது உங்களுக்குத் தெரியாது. மூணு, ஆறா வேலை செஞ்சிடுச்சு.”

“அம்மா!” மகன் தாயின் தோளைப் பிடித்தான்.

“நீ வரலேன்னு சொன்ன நாள்ல மட்டும்தான்டா. வா வான்னா வேலைங்கிற. ஆஸ்பத்திரின்னா பறந்து வர்றே. நாலு தடவையும் சாயங்காலம் வரைக்கும் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே. வீட்டுல என்னிக்கு அப்படி உட்கார்ந்தே?”

“ஐயாவுக்குத் தெரியுமா?” இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

“தெரியாம? அவரேதான் கையை நீட்டுவார். இன்னிக்கும், ‘வந்துடுவானா?’ன்னு கேட்டுட்டுத்தான் முழுங்கினார்.”

மகன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். இருபது வருஷப் பணியில் எத்தனையோ கொலைகாரர்களை அதட்டிய இன்ஸ்பெக்டருக்கு, அன்று அதட்ட ஆளே கிடைக்கவில்லை.

“ஸ்டேஷனுக்குக் கிளம்பணும்மா.”

அந்த அம்மாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க கொண்டுபோய் வைக்கிற இடத்துக்கு இவன் வந்து பார்க்கலாமா?”

“வாரத்துக்கு ரெண்டு நாள் விடுவாங்க.”

“ரெண்டு நாளா!” என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது.